பீடியை விட்டால் எடை கூடுமே, சார்! – ஒரு கேள்வியும் மூன்று பாடவேளைகளும்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 'உடல்நலம் மற்றும் நோய்கள்' என்ற பாடம் இருக்கிறது. புகையிலையின் தீமைகளும் அதில் உண்டு. உடல் பருமனும் உண்டு. இரண்டையும் தனித்தனியாக நடத்தி, தனித்தனியாக வினா கேட்டு, மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவது என் வழக்கம். இரண்டும் ஒரே மனிதரின் உடம்பில் சேர்ந்து வந்து நின்றால் என்ன சொல்வது என்று நான் யோசித்ததே இல்லை, ஒரு மாணவி கேட்கும் வரை.

நான் பணியாற்றுவது தென்காசி மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். பீடி சுற்றும் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் ஊர். மடியில் சுளவை வைத்துக்கொண்டு இலை வெட்டும் அம்மாக்களின் பக்கத்தில் உட்கார்ந்துதான் எங்கள் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அங்கே புகையிலையைப் பற்றிப் பாடம் நடத்துவது, அவர்கள் வீட்டுச் சோற்றைப் பற்றிப் பேசுவது மாதிரி.

உடல் பருமன் பகுதியை நடத்தி முடித்த அன்று அந்த மாணவி எழுந்தாள்.

"சார், எங்கப்பா பீடிய விட்டு மூணு மாசம் ஆச்சு. ஆனா ஒடம்பு போட்டுட்டு. ஒடம்பு போட்டா பக்கவாதம் வரும்னு நீங்கதான இப்பச் சொன்னிய? அப்போ பீடிய விட்டது தப்பா சார்?"

மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. "எடை கூடாமப் பாத்துக்கச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன். பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நடக்கும்போது அவளிடம் கேட்டேன், "அப்பா எப்படி இருக்காங்க?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "திரும்பக் குடிக்காவ சார். டீக்கடையில எல்லாரும், ஒடம்பு ஊதுது, ரத்தக்கொதிப்பு வந்துரும்னு சொன்னாவளாம். நானும் நீங்க சொன்னத வீட்ல சொன்னேன்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை வெகுநாள் தூங்கவிடவில்லை. நான் நடத்திய பாடத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாதி ஒரு வீட்டிற்குப் போய், ஒரு மனிதரை மீண்டும் பீடியிடம் அனுப்பி வைத்துவிட்டது.

நானும் அதே வழியில்தான் போனேன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால்தான் இந்தக் கட்டுரைக்குப் பொருள் இருக்கும் என்று தோன்றியது. நான் பதினாறு ஆண்டுகள் சிகரெட் பிடித்தவன். பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மாணவர்கள் வராத கடையாகப் பார்த்துப் பிடித்தவன். 2016-இல் ஒருமுறை விட்டேன். நான்கு மாதத்தில் ஐந்து கிலோ கூடியது. ஆசிரியர் அறையில் கேலி. சட்டை பொத்தான் போட முடியவில்லை. 'இந்த எடை அதைவிட ஆபத்து' என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, 'ஒரு நாளைக்கு இரண்டு மட்டும்' என்று மறுபடி தொடங்கினேன்.

2019-இல் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 51. ஒல்லியான உடம்பு. ஒரு கட்டுப் பீடியிலிருந்து நாளைக்கு மூன்று பீடியாகக் குறைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். காலை ஏழு மணிக்கு டீ குடிக்கும்போது டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. காற்று அடித்திருக்கிறது, வாயு பிடித்திருக்கிறது என்று சொல்லி எண்ணெய் தேய்த்து, படுக்க வைத்து, யாரையோ கூட்டிவந்து பார்த்து, மருத்துவமனைக்குப் போகும்போது மணி பிற்பகல் இரண்டு. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" அறிவியல் ஆசிரியரான நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் இன்று கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அந்த வாரம் நான் விட்ட சிகரெட்டை அதன்பின் தொடவில்லை. எடை இந்த முறையும் கூடியது. ஆனால் இந்த முறை பயப்படவில்லை.

மாணவியின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல மூன்று பாடவேளைகள் எடுத்துக்கொண்டேன். நடத்திய விதத்தை அப்படியே பகிர்கிறேன்.

பாடவேளை 1: புகை குழாயில் என்ன செய்கிறது?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ வருவது பக்கவாதம். அடைப்பால் வருவதே அதிகம். இதை விளக்க மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் குழாய் இரண்டு, ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் களிமண் போதும். ஒரு குழாயை அப்படியே விட்டோம். இன்னொன்றின் உள்ளே களிமண்ணை ஒட்டினோம். ஒரே உயரத்திலிருந்து ஒரு நிமிடம் தண்ணீர் விட்டு, அளவுசாடியில் அளந்தார்கள். பிறகு ஒரு சிறு உருண்டையைத் தண்ணீரோடு அனுப்பினோம். களிமண் ஒட்டிய குழாயில் அது சிக்கிக்கொண்டது. மற்றதில் வெளியே வந்து விழுந்தது. மூளையில் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

பிறகு புகை செய்யும் வேலைகளைக் கரும்பலகையில் எழுதினோம்.

1. நிக்கோட்டின் சில வினாடிகளில் மூளைக்குப் போய்ச் சேருகிறது. அட்ரினலினைச் சுரக்க வைத்து இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது.
2. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜனுக்கு இடம் குறைகிறது.
3. ரத்தக் குழாயின் உட்சுவர் புண்படுகிறது. அங்கே கொழுப்பு படிகிறது.
4. ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டி, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது.

"பீடி இலையில சுத்துறதுதான சார், சிகரெட் மாதிரி இல்லல்ல?" என்று ஒரு மாணவன் கேட்டான். பீடி இலைக்குக் காகிதத்தைப் போலக் காற்றோட்டம் கிடையாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் கார்பன் மோனாக்சைடு குறையாது, கூடவே செய்யும். சின்னது என்பதாலோ இலை என்பதாலோ பீடி பாதுகாப்பானது அல்ல.

அடுத்து, 'குறைத்துவிட்டேன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுதலாக வரும் இதயநோய், பக்கவாத அபாயம், இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் அபாயத்தில் ஏறக்குறைய பாதி என்று காட்டியது. மாணவர்கள் முதலில் எதிர்பார்த்தது இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 விழுக்காடு. வந்த விடை 50-க்குப் பக்கத்தில். நேர்விகிதம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதைக் கணக்குப் பாடத்தில் சொல்வதைவிட இங்கே சொன்னது அவர்கள் மனத்தில் நின்றது. என் அண்ணனின் மூன்று பீடியை நினைத்துக்கொண்டு நான் சிறிது நேரம் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

பாடவேளை 2: எடை – பயமும் வரைபடமும்

இந்தப் பாடவேளையை ஒப்புதலோடுதான் தொடங்கினேன். "புகையை விட்டால் எடை கூடுமா? கூடும். பெரும்பாலோருக்குக் கூடும். டீக்கடையில் சொன்னது பொய்யில்லை." வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆசிரியர் மறைப்பார் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

ஏன் கூடுகிறது? நிக்கோட்டின் பசியை அமுக்குகிறது. உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலையும் சற்றுக் கூட்டுகிறது. அது நின்றவுடன் பசி திரும்புகிறது, செலவு குறைகிறது. நாக்கிற்கும் மூக்கிற்கும் ருசியும் மணமும் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. கையும் வாயும் சும்மா இருக்க முடியாமல் மிக்சர், முறுக்கு, கடலைமிட்டாய் என்று தேடுகின்றன. அதாவது உடம்பில் புதிதாக நோய் எதுவும் வரவில்லை. நிக்கோட்டின் பிடித்து வைத்திருந்ததை விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு வரைபடத்தாள் கொடுத்தேன். 2012-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான, 62 ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வின் எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். மருந்து உதவி இல்லாமல் புகையை விட்டவர்களுக்குச் சராசரியாகக் கூடிய எடை இது:

1 மாதம் – 1.12 கிலோ
2 மாதம் – 2.26 கிலோ
3 மாதம் – 2.85 கிலோ
6 மாதம் – 4.23 கிலோ
12 மாதம் – 4.67 கிலோ

முதலில் மூன்று மாதம் வரை உள்ள எண்களை மட்டும் குறிக்கச் சொன்னேன். "இப்படியே போனால் ஒரு வருடத்தில் எவ்வளவு?" மூன்று மாதத்திற்கு 2.85 என்றால் மாதத்திற்கு 0.95, பன்னிரண்டு மாதத்திற்கு 11.4 கிலோ. அளவுகோலை வைத்து நேர்கோடு இழுத்தார்கள். வகுப்பே "அம்மாடி" என்றது.

"இப்போது மீதி இரண்டு புள்ளிகளையும் குறியுங்கள்" என்றேன்.

கோடு வளைந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்தது படுத்துவிட்டது. கடைசி ஆறு மாதத்தில் கூடியது 0.44 கிலோ, மாதத்திற்கு ஏறக்குறைய 73 கிராம். அந்த மாணவி தன் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பாக்கும் மூணு மாசத்துல மூணு கிலோதான் சார் கூடிச்சு. அவுக இந்த நேர்கோட்டப் பாத்துத்தான் பயந்துட்டாவ."

நான் நடத்திய பாடத்தை எனக்கே திருப்பி விளக்கிவிட்டாள். 2016-இல் நானும் அந்த நேர்கோட்டைப் பார்த்துத்தான் பயந்தேன். ஏற்றம் அதிகமாக இருக்கும் முதல் மாதங்களில்தான் மனிதர்கள் தராசில் ஏறிப் பார்க்கிறார்கள். அப்போதுதான் மீண்டும் புகைக்கவும் தொடங்குகிறார்கள். இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் கோடு வளைவதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

சராசரி என்பது எல்லோரும் அல்ல என்பதையும் சேர்த்துக் காட்டினேன். அதே ஆய்வில் ஓராண்டு முடிவில் 16 விழுக்காட்டினருக்கு எடை குறைந்திருந்தது. 37 விழுக்காட்டினருக்கு 5 கிலோவுக்குக் கீழ் கூடியது. 34 விழுக்காட்டினருக்கு 5 முதல் 10 கிலோ. 13 விழுக்காட்டினருக்கு 10 கிலோவுக்கு மேல். இதை வட்ட விளக்கப்படமாக வரைந்தார்கள். இவை பெரும்பாலும் மேலை நாடுகளில் சிகரெட் விட்டவர்களின் எண்கள். நம் ஊர்ப் பீடிக்காரர் ஒருவருக்குக் கிராம் பிசகாமல் இப்படியே நடக்கும் என்று சொல்லக் கூடாது. போக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

இறுதியாக உடல் நிறைக் குறியீட்டுக் கணக்கு. உயரம் 1.65 மீட்டர், எடை 60 கிலோ உள்ள ஒருவருக்குக் குறியீடு 22.0. ஐந்து கிலோ கூடி 65 ஆனால் 23.9. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால் கூடுதல் எடை என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே 'எடை கூடினால் ஒன்றும் இல்லை' என்று நான் சொல்லவில்லை. எல்லை தாண்டியிருக்கிறது. அப்படியானால் எந்த ஆபத்து பெரிது? அந்தக் கேள்வியோடு வகுப்பை முடித்தேன்.

பாடவேளை 3: தராசு

அறிவியல் ஆய்வகத் தராசை மேசையில் வைத்தேன். மாணவர்கள் அட்டைகளில் எழுதினார்கள். ஒரு தட்டிற்குப் புகையின் அட்டைகள்: குழாய்ச் சுவர் புண், ரத்தம் உறைதல், கார்பன் மோனாக்சைடு, அழுத்த ஏற்றம். இன்னொரு தட்டிற்கு எடையின் அட்டைகள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு. அட்டையின் எண்ணிக்கை ஆபத்தின் அளவு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். கேட்ட கேள்வி வேறு: "புகைத்துக்கொண்டே இருக்கும் ஒருவர், நடந்தோ உணவைக் குறைத்தோ புகைத் தட்டிலிருந்து எந்த அட்டையை எடுக்க முடியும்?"

குழு குழுவாகப் பேசினார்கள். ஒன்றையும் எடுக்க முடியாது என்றார்கள். "எடை கூடியவர் எடைத் தட்டிலிருந்து எதை எடுக்கலாம்?" நடந்தால் சர்க்கரை குறையும், உப்பைக் குறைத்தால் அழுத்தம் குறையும், எடையே குறையும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

இது எங்கள் ஊகம் மட்டும் அல்ல என்பதற்கு ஆய்வுகளைச் சொன்னேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்காம் என்ற ஊர் மக்களை 1948 முதல் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து ஆராய்கிறார்கள். 1988-இல் வந்த அவர்களின் ஆய்வு, புகையை விட்ட இரண்டு ஆண்டுகளில் பக்கவாத அபாயம் கணிசமாகக் குறைகிறது, ஐந்து ஆண்டுகளில் புகைக்காதவரின் அளவை எட்டுகிறது என்று கண்டது. மிக அதிகமாகப் புகைத்தவர்களுக்குச் சிறிது அபாயம் மிஞ்சுகிறது என்று காட்டிய ஆய்வும் உண்டு. அதனால் விடுவதை ஒத்திப்போடக் கூடாது.

அதே ஊர் மக்களின் அடுத்த தலைமுறையைக் கொண்டு 2013-இல் வந்த ஆய்வு, மாணவியின் கேள்வியையே நேராகக் கேட்டது: விட்டபின் கூடும் எடை, விட்டதன் பயனை அழித்துவிடுகிறதா? நீரிழிவு இல்லாதவர்களில், புகையை விட்டவர்களுக்குப் பக்கவாதமும் இதயநோயும் சேர்ந்த அபாயம், தொடர்ந்து புகைத்தவர்களைவிட ஏறக்குறைய பாதியாக இருந்தது. கூடிய எடையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதும் அந்தப் பயன் குறையவில்லை.

இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொன்னேன். 2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, விட்டபின் அதிக எடை கூடியவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு உயர்கிறது. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் அது உச்சத்தை எட்டிப் பிறகு இறங்குகிறது. எடை கூடாதவர்களுக்கு அந்த உயர்வே இல்லை. ஆனாலும், எடை கூடியவர்கள் உட்பட, விட்டவர்களின் இதய, ரத்தக்குழாய் நோய் இறப்பு, தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவு.

மாணவர்களே முடிவை எழுதினார்கள். ஒரு குழுவின் வாக்கியம்: "பீடியை விட வேண்டும், எடையையும் பார்க்க வேண்டும், எடைக்குப் பயந்து பீடிக்குத் திரும்பக் கூடாது." என் பதினைந்து வருட அனுபவத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பையும்விட அது தெளிவாக இருந்தது.

எடையைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் கணக்காகவே போட்டோம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் 20. டீக்கு இரண்டு கரண்டி என்றால் 40. புகைக்குப் பதிலாக ஒரு நாளைக்கு நான்கு டீ கூடுதலாகக் குடித்தால் சர்க்கரையில் மட்டும் 160 கிலோகலோரி; மாதத்திற்கு 4800. பாலையும் வடையையும் இன்னும் சேர்க்கவில்லை. அடக்க முடியாத ஆசை வரும்போது அது சில நிமிடங்களில் அடங்கிவிடும்; அந்த நிமிடங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், வெள்ளரிக்காய், சோம்பு, ஒரு சிறு நடை போதும். விட்ட முதல் வாரத்திலேயே பட்டினி கிடந்து எடை குறைக்கப் பார்க்க வேண்டாம். இரண்டு போரை ஒரே நேரத்தில் நடத்துவது கடினம். நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற உதவிகளை மருத்துவர் ஆலோசனையோடு எடுத்தால், விடுவதும் எளிதாகும். எடை ஏறுவதும் தள்ளிப்போகும். 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை. மாணவர்கள் அதைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் என் அண்ணனுக்காக. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 108. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தூங்கி எழும்போதே அறிகுறி இருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எண்ணெய் தேய்க்கவும், வாயில் தண்ணீர் ஊற்றவும் நேரம் கிடையாது. ஏழு மணி முதல் இரண்டு மணி வரை எத்தனை நிமிடம் என்று ஒரு மாணவன் கணக்கிட்டான்: 420. நான் விடையைச் சரி என்று மட்டும் சொன்னேன்.

ஆசிரியர்கள் கவனிக்க

இந்தப் பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரிய நண்பர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்.

'யார் வீட்டில் புகைக்கிறார்கள்? கை தூக்குங்கள்' என்று கேட்க வேண்டாம். பிள்ளைகளை வகுப்பின் முன் கூனிக்குறுக வைக்கும். வீட்டுக் கணக்கெடுப்பும் வேண்டாம். 'ஒருவர்' என்று பொதுவாகப் பேசினால், சொல்ல விரும்புகிறவர்கள் தாமாகவே சொல்வார்கள்.

"எங்கம்மா பீடி சுத்துறது தப்பா சார்?" என்று கேள்வி வந்தது. உழைத்துச் சாப்பிடுவது தப்பே இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். அம்மாவின் உழைப்பையும் புகையின் தீமையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. புகையிலைத் தூள் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்தேன்.

அப்பாவைத் திருத்தும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. தகவலை வீட்டிற்குக் கொண்டுபோகலாம், முடிவு பெரியவர்களுடையது. விட்டவர் மீண்டும் தொடங்கினால் அது தோல்வி அல்ல; பலருக்கும் பல முயற்சிகள் தேவைப்படுகின்றன. எனக்கு இரண்டு தேவைப்பட்டன.

2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெசத்திற்குள் விற்பதும் குற்றம். பள்ளி வாசலிலிருந்து நாடாவால் அளந்து பார்ப்பது ஒன்பதாம் வகுப்பிற்கு நல்ல அளவீட்டுச் செயல்பாடு. 100 கெசம் என்பது 91.44 மீட்டர். அளக்கும் முன் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

தொடக்க வகுப்புகளில் எடை, ஆய்வு, வரைபடம் எதுவும் வேண்டாம். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'முகம் – கை – பேச்சு – 108' என்பதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் போதும். ஒருவர் தாத்தாவாக நடிக்க, மற்றவர் சிரிக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, பெயரைச் சொல்லச் சொல்லிப் பார்த்து, தொலைபேசியில் ஊர்ப் பெயரையும் தெருவையும் தெளிவாகச் சொல்லப் பழகலாம். பகலில் வீட்டில் தாத்தாவோடும் பாட்டியோடும் இருப்பவர்கள் அவர்கள்தான்.

மதிப்பீடு

1. புகையை விட்ட முதல் மூன்று மாத எடையை மட்டும் வைத்து ஓராண்டு எடையைக் கணிப்பது ஏன் தவறாகிறது? வரைபடம் கொண்டு விளக்குக.
2. 'நாளைக்கு ஒன்றுதான் பிடிக்கிறேன்' என்பவருக்கு என்ன சொல்வாய்?
3. உயரம் 1.60 மீட்டர், எடை 56 கிலோ உள்ள ஒருவர் புகையை விட்டபின் 60 கிலோ ஆகிறார். இரு குறியீடுகளையும் கணக்கிட்டு, அவருக்கு இரண்டு ஆலோசனைகள் எழுதுக.
4. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பேச்சு திடீரெனக் குழறுகிறது. முதல் ஐந்து நிமிடத்தில் நீ செய்வது என்ன?

மூன்றாம் வினாவிற்குப் பெரும்பாலோர் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். எனக்குப் பிடித்தது ஒரு மாணவன் எழுதிய ஆலோசனை: "நாலு கிலோதான். பயப்படாதீங்க. சாயங்காலம் குளத்துக்கரை வரை நடங்க."

முடிப்பதற்கு முன் அந்த மாணவியின் அப்பாவைப் பற்றி. வரைபடத்தாளை அவள் வீட்டிற்குக் கொண்டுபோனாள். பெற்றோர் கூட்டத்திற்கு அவர் வந்தபோது, சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. திரும்பவும் விட்டு ஐந்து மாதம் ஆகிறதாம். மகள் வரைந்த வளைகோட்டின் பக்கத்திலேயே தன் எடையையும் மாதா மாதம் பேனாவால் குறித்து வைத்திருந்தார். ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்க்கிறாராம். நான்கு கிலோ கூடியிருந்தது. கடைசி இரண்டு மாதப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன.

"இதுக்கு மேல ஏறுமா சார்?" என்று கேட்டார்.

"ஏறினாலும் இறக்கிக்கலாம். அத மட்டும் திரும்பத் தொடாதீங்க" என்றேன்.

அன்று மணி அடிக்க நேரம் நிறைய இருந்தது.